ராத்தா வீட்டு முதிரை வளை

சூறாவளி எனக்கு மூத்தவளான ராத்தாவின் வீட்டைத் தரையோடு தரையாக்கிவிட்டுப் போயிருந்தது. கூரையைத் தாங்கிய முகட்டு வளை மட்டும் முழுசாகக் கிடந்தது, நல்ல முதிரை மரம். அதை அறுத்து என் கலியாணத்துக்குக் கட்டும் புது வீட்டுக்கு முன்கதவு செய்வதென்று உம்மா முடிவெடுத்துவிட்டார். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான் கொடுப்பது, மாப்பிள்ளை வந்து குடியேறுவார். கதவில்லாத வீட்டில் கால் வைக்க மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஊரே கூரையில்லாமல் நிற்கிறது, இவர்களுக்குக் கதவு கேட்கிறது!

புது மரம் காயாமல் முறுக்கிக்கொள்ளும். "பழைய முதிரை அசையாது புள்ள. ஆனா உள்ள ஒரு ஆணி இருந்தாலும் வாள்ட பல்லுப் போயிடும்," என்றார் தச்சு வேலைக்கு வந்த ஓடாவி. எங்கள் வீட்டு வளவில் வைத்து அவரும் நானும் வளையைத் தடவித் தடவி ஆணி பிடுங்கினோம். புகைக் கறுப்பைச் சீவியதும் உள்ளே மஞ்சள் பளபளத்தது.

அந்நேரம் ராத்தாவின் புருஷன், எங்கள் மச்சான், சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்து வளையின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"எனக்குத் தந்த ஊட்டுட மரம். ஆரக் கேட்டு எடுத்தீங்க மாமி?"

"கலியாணம் நிண்டு போயிடும் மகன்," என்றார் உம்மா.

"நிக்கட்டும். என்ட புள்ளைகள் தென்னங்கிடுகுக் கொட்டிலுக்குள்ள கிடக்குதுகள். இதில வாள் பட்டா நான் என்ட உம்மாட ஊட்ட போயிடுவன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்னதில் பொய்யில்லை, அதுதான் கூடுதல் எரிச்சல். "எனக்குக் கலியாணமும் வேணாம், கதவும் வேணாம்!" என்று கத்தினேன்.

ராத்தா கைக்குழந்தையோடு வந்து நின்றாள்.

"அந்த ஊடு என்ட பேர்ல எழுதினது. எழும்புங்க," என்றாள். பிறகு ஓடாவியிடம், "அறுங்க காக்கா."

மச்சான் எழும்பிச் சைக்கிளை எடுத்தார். ராத்தா திரும்பிப் பார்க்கவில்லை. ஓடாவி வாளை வைத்து அறுக்கத் தொடங்கினார்.

கதவு ஏறியதும் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தட்டிப் பார்த்தார்கள். "நல்ல மரம்," என்றார்கள். வயிறு நிறையத் தின்றுவிட்டுப் போனார்கள்.

மச்சான் திரும்பி வரவேயில்லை. அதுவரை அவரை எதிர்பார்த்திருந்த ராத்தா, அன்று மஹ்ரிபுத் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகளையும் பாயையும் என் புது வீட்டுக்குக் கொண்டு வந்தாள். ஆம்பிளை இல்லாத கொட்டிலில் படுக்க அவளுக்குப் பயம். தன் மரத்தில் செய்த கதவுக்கு வெளியே நின்றுகொண்டு என்னிடம் கேட்டாள்:

"கலியாண நாள் வரைக்கும் இஞ்ச ஒரு மூலைல கிடக்கட்டா தங்கச்சி?"