பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு

1. ஞாயிறுதோறும் பலாப்பலகையையும் ரோஸ்வுட்டையும் மாற்றி மாற்றி ஒட்டி, கனத்த மேசை ஒன்று செய்தேன்.
2. நேற்று பாலிஷ் காய்ந்தது.
3. இன்று காலை அம்மா அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுவிட்டாள்.

புது பிளாஸ்டிக் வாசனை, முன்பு நாங்கள் குடியிருந்த மர்பி டவுன் வீட்டுக்கு என்னை இழுத்துப்போனது. நான் பள்ளியில் படித்தபோது அப்பாவும் அங்கே இதே இரண்டு மரங்களில் மஞ்சளும் கறுப்புமாக ஒரு மேசை செய்தார். செய்து முடித்த அன்று மாலையே அம்மா அதன்மேலும் விரிப்பைப் போட்டுவிட்டாள். யாராவது வந்தால் அப்பா ஒரு மூலையைத் தூக்கிக் காட்டுவார்.

"பெயின்ட் இல்லைங்க, மரத்தோட நிறமே இதுதான்."

அம்மா காபியோடு வருவாள். "காட்டினது போதும், மூடுங்க. கறை பட்டுடும்."

இன்று நானும் சொன்னேன். "எனக்கு மரம் தெரியணும்மா."

"உங்கப்பாவும் அதைத்தான் சொன்னாரு. நான் கேட்டேனா?"

விரிப்பை மடித்து அலமாரியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். இப்போது அது மறுபடியும் மேசைமேல் இருக்கிறது. நான்கு பக்கமும் டேப் ஒட்டியிருக்கிறது.