இளநீர்க்காரரின் பச்சைத் துண்டு

எங்கள் காவல் நிலையத்தில் பாரா நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மர பெஞ்சு உண்டு. பௌர்ணமிக்கு முதல் நாள் சாயங்காலம் அதில் ஒரு பச்சைத் துண்டு விரிந்திருக்கும். செங்கம் சாலையில் இளநீர் வெட்டி விற்பவர், தோளில் கிடந்த துண்டை உதறி விரித்து, அதன்மேல்தான் உட்காருவார். அவர் தலைக்கு மேலே சுவரில், கைது செய்யும்போது போலீஸ் கடைப்பிடிக்க வேண்டிய விதிகள் பெரிய எழுத்தில் தொங்கும். அந்தப் பலகையை மாதாமாதம் துடைத்தது நான்தான். அப்போது நான் பயிற்சி முடித்து வந்த புதுக் காவலர். விதிகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம்.

இளநீர்க்காரர் எந்தக் குற்றத்துக்காகவும் அங்கே உட்காரவில்லை. வாலிபத்தில் கிரிவலக் கூட்டத்தில் ஒரு பர்ஸை எடுத்து மாட்டிக்கொண்டவர். தண்டனையும் அனுபவித்துவிட்டார். ஆனால் எங்கள் வழக்கம் வேறு. பௌர்ணமிக் கூட்டம் வருவதற்கு முன் பழைய ஆட்களை அழைத்துவந்து உட்கார வைப்போம். கூட்டம் கலைந்ததும் அனுப்பிவிடுவோம். கைது என்று எங்கும் எழுதுவதில்லை. வீட்டுக்கு ஜீப் வந்தால் தெருவே பார்க்குமே என்று இவர் தானாகவே வந்துவிடுவார். ஊரெல்லாம் இளநீர் கேட்கும் நாளில் இவர் கடையில் மட்டும் தார்ப்பாய் மூடியிருக்கும். இத்தனை ஒழுங்கான ஆள் எங்களில் யாருமில்லை என்று நாங்களே கேலி பேசிச் சிரிப்போம். அவரும் கூடச் சிரிப்பார்.

ஏட்டையா நல்ல மனிதர். கை ஓங்கி நான் பார்த்ததில்லை. இளநீர்க்காரருக்குத் தன் செலவில் இட்லியும் டீயும் வாங்கித் தருவார். பயிற்சியில் படித்ததை ஒருமுறை நான் மெல்ல எடுத்துச் சொன்னபோது அவர் கோபப்படக்கூட இல்லை. “அடிச்சமா, திட்டினமா? டீ வாங்கிக் குடுத்து உக்கார வெச்சிருக்கோம். இதுல என்னம்மா மனித உரிமை” என்று உண்மையாகவே கேட்டார். எழுந்து போக முடியாத ஒருவன், விலங்கு மாட்டாவிட்டாலும் பிடித்து வைக்கப்பட்டவன்தான் என்று நான் பரீட்சையில் எழுதியிருந்தேன். அதற்கு முழு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஏட்டையாவிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

ஒரு பௌர்ணமியன்று இளநீர்க்காரர் துண்டின்மேல் நிலைகொள்ளாமல் இருந்தார். அவர் மகளைப் பார்க்கப் போளூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களாம். கிரிவலமும் ஆயிற்று, பெண்ணையும் பார்த்த மாதிரி ஆயிற்று என்று அவர்களே அந்த நாளைக் குறித்துவிட்டார்கள். வேறு நாள் கேட்டால் ஏன் என்று கேட்பார்களே. அவர் எழுந்து நின்று, “ஒரு மணி நேரம் நான் போலாங்களா ஏட்டையா? தலையக் காட்டிட்டு ஓடியாந்துடறேன்” என்றார்.

“ஐயா வரட்டும்பா” என்றார் ஏட்டையா. ஐயா என்றால் இன்ஸ்பெக்டர். அவர் கிரிவலப் பாதையில் பந்தோபஸ்தில் இருந்தார். விடிவதற்குமுன் வரமாட்டார் என்பது எங்கள் மூவருக்குமே தெரியும். இளநீர்க்காரர் என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன். வாசல் திறந்துதான் கிடந்தது. அவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

அன்றைக்கு அவர் மனைவி எப்படியோ சமாளித்துவிட்டார். லோடு எடுக்கப் பாண்டிச்சேரி பக்கம் போயிருக்கிறார் என்று சொன்னதை வந்தவர்கள் நம்பினார்கள். பெண்ணைப் பிடித்தும் இருந்தது. அப்பா வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று கிளம்பிப் போனார்கள். பிறகு ஒரு வாரமாகத் தகவல் இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. நான்தான் ஏட்டையாவிடம், “மாப்பிள்ளை வீட்டுல நீங்க போய் அவரப் பத்தி ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க” என்றேன். அவருக்கும் உள்ளுக்குள் அதே உறுத்தல் இருந்திருக்க வேண்டும். மறுநாளே மஃப்டியில் போளூருக்குப் போனார். வெள்ளை வேட்டி கட்டியிருந்தாலும் ஒட்ட வெட்டிய தலையையும் முறுக்கிய மீசையையும் என்ன செய்வது? பெண்ணின் அப்பா தங்கமான மனிதர், அவருக்கு நான் பொறுப்பு என்று அவர் சொல்ல, உங்களுக்கு எப்படிப் பழக்கம் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். பொய் சொல்லத் தெரியாத மனிதர் திருதிருவென்று விழித்திருக்கிறார். சம்பந்தம் அத்தோடு முறிந்தது.

திரும்பி வந்தவர் அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். “நல்லது செய்யப் போனாக்கூட நாம போலீசாத்தாம்மா போறோம்” என்றார். ஓய்வு பெறும்வரை அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் உட்காரவே இல்லை. இளநீர்க்காரர் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு வழக்கம்போல வந்து துண்டை விரித்தார். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அந்தப் பெண்ணுக்குப் பிறகு கல்யாணம் ஆயிற்றா என்று கேட்கும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

இன்று நான் சப் இன்ஸ்பெக்டர். உட்கார வைக்கும் வழக்கத்தை என் நிலையத்தில் நிறுத்திவிட்டேன். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு மனித உரிமைச் சட்டம் பற்றி வகுப்பும் எடுக்கிறேன். போன பௌர்ணமிக்கு முதல் நாள், வேங்கிக்காலில் ஒரு கூட்டம் முடிந்து திரும்பும்போது செங்கம் சாலை வரை ஒரு வேலை இருந்தது. வெயில் தாங்காமல் அவர் கடை முன்னால் ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார். கடைமேல் தார்ப்பாயை இழுத்துவிட்டார். பச்சைத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஜீப்பின் பின்பக்கம் போய் நின்றார்.

“இளநீர் குடிக்கத்தாங்க வந்தேன்” என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. திரும்பி வந்து ஒன்றை வெட்டிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு நின்றார்.

“அப்போ நான் போலாங்களா மேடம்?” என்றார்.

போகலாம் என்றேன். அன்று ஸ்டேஷனில் சொல்லாத வார்த்தை. எங்கே போவார்? அவர் நின்றுகொண்டிருந்தது அவருடைய கடையில்.