டேங்க் வழிய வைத்த நாவல்கள்

ஊர்த் தண்ணீர் டேங்க் ஆபரேட்டர் வேலையில் வேலை என்பது மொத்தமே இரண்டு நிமிஷம்தான். மோட்டாரைப் போட ஒரு நிமிஷம், நிறுத்த ஒரு நிமிஷம். நடுவில் கிடக்கிற ஒன்றரை மணி நேரத்தை என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ரயில்வே கேட்டில் இருப்பவர்கள், ஏ.டி.எம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள், கல்யாண மண்டபத்துக்குச் சாவி வைத்திருப்பவர்கள், உங்களுக்கெல்லாம் நான் சொல்வது புரியும். நான் அந்த நேரத்தை நாவல்களில் போட்டேன். அதனால் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஆலங்குடிக்குப் பக்கம், முந்திரிக் காட்டைத் தாண்டி. டேங்குக்கு நேர் கீழே மோட்டார் ரூம். பத்தடி தள்ளி ஊர்க் குழாய். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கண்ணால் மட்டும் படித்தால் எனக்கு ஒன்றும் ஏறாது, வாய்விட்டுப் படிக்க வேண்டும். மோட்டார் ஓடும்போது என் குரல் எனக்கே கேட்காது என்பதால் கத்தித்தான் படிப்பேன். மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுப்பில் போன நாவல்

முதல் நாவலை நான் பாதிதான் படித்தேன். ஐந்தாம் வகுப்பு முடிந்த விடுமுறை. மளிகைக் கடையில் பொட்டலம் கட்ட வைத்திருந்த பழைய தாள் கட்டிலிருந்து அதை எடுத்தேன். அட்டை இல்லை, பெயர் தெரியாது. தீவில் மாட்டிக்கொண்ட தங்கையைக் கூட்டிவர ஒருவன் தோணியில் தனியாகப் போகிறான். சுற்றிலும் இருட்டுக் கடல், தோணியின் முனையில் ஒரு லாந்தர். 'பாய் கட்டிய கயிறு அறுந்தது' என்ற வரியில் நான் இருந்தேன். என் ஆடுகள் அடுத்தவர் கடலைக்காட்டில் இருந்தன.

சித்தப்பா மகன் முத்தையாவுக்கு என் வயதுதான். அவன் ஓடிப்போய் என் அப்பாவிடம் சொல்லிவிட்டான். அப்பா வந்தார், புத்தகத்தைப் பிடுங்கினார், நெல் அவித்துக்கொண்டிருந்த அடுப்பில் போட்டார். புத்தகம் இருந்தால்தானே ஆடு தொலையும் என்று என்னை ஆறாம் வகுப்புக்கும் அனுப்பவில்லை. முத்தையா எட்டாவது வரை போனான். அன்றைக்கு நிறுத்தியதுதான், ஐம்பது வருஷமாகிறது, அவனோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தத் தோணியும் கரை சேரவில்லை. இன்றைக்கும் கண்ணை மூடினால் லாந்தர் ஆடுகிறது. கீழே தண்ணீர் கறுப்பாக மெல்ல ஏறி இறங்குகிறது. அப்பா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தபோது முத்தையா ஓரமாக நின்று சொன்னது எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது: "நான் ஆட்டைத்தான் சொன்னேன் பெரியப்பா, புத்தகத்தச் சொல்லல."

மூன்று தலைமுறைக் கிணறு

ஆலங்குடி நூலகத்தில் உறுப்பினர் ஆனது இந்த வேலைக்கு வந்த பிறகுதான். அங்கிருக்கும் அம்மா முதலில் கொடுத்த நாவல் செங்கல் கனம். கிணறு வெட்டிய ஒருவர், அந்தக் கிணற்றைப் பங்கு போட்ட மகன்கள், அதை மூடிவிட்டு வீடு கட்டிய பேரன். நான் அந்தக் கிணற்றுக்குள் படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தேன். பாசி வாடை வந்தது. காலில் சில்லென்று தண்ணீர் பட்டது. அடடா, என்னமாய் எழுதியிருக்கிறான் என்று நினைத்துக் காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்துக்கொண்டு மேலே படித்தேன்.

அது நாவல் தண்ணீர் இல்லை. டேங்க் நிரம்பி வழிந்து மோட்டார் ரூமுக்குள் வந்துவிட்டது. வெளியே போய்ப் பார்த்தால் கொக்கு இறங்கியிருக்கிறது. வால்வு திறக்காததால் மேலத்தெருவுக்குத் தண்ணீர் போகவில்லை. மேலத்தெருக் கடைசி வீடு முத்தையாவுடையது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. (ஒரே ஒரு தடவை வேண்டுமென்று செய்திருக்கிறேன். அது வேறு நாள்.) அவன் பஞ்சாயத்தில் புகார் எழுதிக் கொடுத்தான். தலைவர் என்னைக் கூப்பிட்டு, இன்னொரு புகார் வந்தால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று சொல்லி அனுப்பினார். எனக்கு நிலம் இல்லை, இந்த வேலையை விட்டால் வேறு வேலை கிடையாது. தலை குனிந்து திரும்பி வந்தால், குழாயடியில் வடக்குத்தெரு பாக்கியம் வழிந்த தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருந்தாள். "அண்ணே, அடுத்த வாரமும் இதே மாதிரி தடியான பொஸ்தகமா எடுத்துட்டு வாங்க, போர்வையெல்லாம் அலச வேண்டியிருக்கு."

சித்திரை மாதத்தில் பனி

அடுத்தது ஏதோ வெளிநாட்டு நாவல், தமிழில் மாற்றியது. ஒவ்வொருவர் பெயரும் ஒரு முழம். வாயில் நுழையாததால் நம் ஊர்ப் பெயர்களை வைத்துக்கொண்டேன். குதிரை வண்டியில் வருகிற கிழவன் சுப்பையா, அவன் மனைவி மீனாட்சி, ஊரைக் காட்டிக் கொடுத்தவன் முத்தையா. அதற்குப் பிறகு வண்டி நன்றாக ஓடியது.

ஊரே பனியில் கிடக்கிறது. ஜன்னல் விளிம்பில் பனி, கூரையில் பனி, செத்துப்போனவன் மீசையில் பனி. சத்தமே இல்லாமல் நாள் முழுக்கப் பெய்துகொண்டிருக்கிறது. படிக்கப் படிக்க எனக்குக் காது குளிர்ந்து, துண்டை எடுத்துக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். மோட்டாரைப் பார்க்க வந்த லைன்மேன் வாசலில் நின்று, காய்ச்சலா என்று கேட்டார். இல்லைங்க, அங்கே பனி என்றேன். அவர் மோட்டார் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார். "அந்தப் பனிய ஒரு கை அள்ளி இங்கிட்டுப் போடுங்க, மோட்டார் காயில் புகையப் போகுது."

பென்சிலில் எழுதியவன்

இன்னொரு தடவை துப்பறியும் நாவல் கிடைத்தது. பன்னிரண்டாம் பக்கத்திலேயே எனக்கு முன்னால் படித்த எவனோ ஒரு புண்ணியவான், ஓரத்தில் பென்சிலால் 'கொலை செய்தது டிரைவர்' என்று எழுதி வைத்திருந்தான். என் வாழ்க்கையில் எனக்கு ஆகாதவர்கள் சிலர் உண்டு. முகம் தெரியாமல் ஒருத்தனை வெறுத்தது அதுதான் முதல் தடவை. அதற்கு மேல் ஒவ்வொரு பக்கமும் அந்த டிரைவரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே படித்தேன். அவன் காபி கொண்டுவந்தால் அதில் விஷம் என்றேன். அவன் அழுதால் நடிப்பு என்றேன்.

பாதியிலேயே ஆத்திரம் தாங்காமல் பஸ் ஏறி ஆலங்குடிக்குப் போய், எழுதினவன் யார் என்று கண்டுபிடித்துத் தரச் சொன்னேன். நூலகத்து அம்மா பக்கத்தைப் பார்த்தார். ரப்பரை எடுத்துப் பொறுமையாக அழித்தார். "அது தப்பான பதில்ங்கய்யா, போயி முழுசாப் படிங்க."

கரண்டு போனது

காதல் நாவல் எனக்கு எப்போதும் கூச்சம். ஆனால் அது நல்ல நாவல். மலையூர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர், ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி. நூற்றைம்பது பக்கமாகப் பேசாமலே இருக்கிறார்கள். தினமும் ஒரே பஸ்ஸில் போகிறார்கள், ஒரே மூடுபனியைப் பார்க்கிறார்கள், இறங்கிப் போய்விடுகிறார்கள். அவர் வாயைத் திறக்கிற இடம் வந்ததும் என்னை அறியாமல் எழுந்து நின்று உச்சக் குரலில் படித்தேன். அந்த நிமிஷம் பார்த்துக் கரண்டு போய் மோட்டார் நின்றது. ஊர் முழுக்க நிசப்தம். அதில் என் குரல் மட்டும்: "நீ இல்லாத ஊரில் எனக்கு என்ன வேலை, வசந்தா!"

குழாயடியில் ஏழெட்டுப் பேர் குடத்தோடு நின்றார்கள். மேலத்தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று முத்தையாவும் ஒரு குடத்தோடு வரிசையில் நின்றான். புத்தகத்தை மடித்து இடுப்புக்குப் பின்னால் மறைத்தேன். அப்போதுதான் தெரிந்தது, மோட்டார் சத்தத்தையும் மீறி இத்தனை மாதமாக எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். பாக்கியம் குடத்தை இறக்கி வைத்தாள். "அண்ணே, பாதியில நிறுத்துனா பாவம், அந்தப் புள்ள என்ன பதில் சொன்னுச்சு?"

கதை இல்லாத நாவல்

ஒருவன் கட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்க்கிறான். நாவல் முடியும்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறான். பரிசு வாங்கிய நாவலாம். அந்த வாரம் முழுக்க மோட்டாரை நேரத்துக்கு நிறுத்தினேன். மூன்று தெருவுக்கும் தண்ணீர் ஒழுங்காகப் போனது. தலைவர் வண்டியை நிறுத்தி என் தோளில் தட்டினார். "மாமா, இனிமே இந்த மாதிரி பொஸ்தகமே படிங்க."

தோணி

போன மாதம் நூலகத்து அம்மா ஒரு கடல் நாவலைக் கொடுத்தார். தோணி என்ற சொல்லைப் பார்த்ததும் அங்கேயே நின்று முதல் பக்கத்தைப் புரட்டினேன். ஆனால் அது வேறு கதை. இதில் தங்கை இல்லை, தீவு இல்லை. அப்பனைத் தேடிப் போகிற மகன் ஒருவன் இருந்தான். ஆனாலும் தோணி தோணிதானே. ஆகாயத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் விளிம்பே இல்லாமல் அவன் போய்க்கொண்டிருந்தான். நானும் போனேன். முதல் நாள் மேலத்தெரு வால்வைத் திறக்க மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை முத்தையா வந்துவிட்டான். கையில் ஒரு தாள், மடித்தது. அது என் வேலைக்கு முடிவு என்று தெரியும். வாசலில் நின்று கத்தினான். மோட்டார் சத்தத்தில் அவன் வாய் அசைவதுதான் தெரிந்தது. நான் நிமிர்ந்து பதில் சொன்னால் ஐம்பது வருஷ வைராக்கியம் போய்விடும். அதனால் குனிந்தபடி, விட்ட இடத்திலிருந்து சத்தமாகப் படித்தேன். புயல் வருகிற இடம். ஒரு பக்கம் போனது. பார்த்தால் அவன் கத்துவதை நிறுத்தியிருந்தான். இன்னும் ஒரு பக்கம். வால்வுத் தொட்டியின் மூடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். கண் மூடியிருந்தது. புயல் வந்த இடத்தில் அவன் தலை லேசாக இடமும் வலமும் ஆடியது. எனக்கும் ஆடியது. மோட்டாரின் ரீங்காரம் அலைச்சத்தம் மாதிரி ஆகிவிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியதும் தெரியாது. வெயிலில் மினுங்கிக்கொண்டு அது அவன் தலையில், தோளில், மடியிலிருந்த தாளில் விழுந்துகொண்டிருந்தது. அவன் கண்ணைத் திறக்கவே இல்லை.

தலைவர் வண்டியில் வந்து இறங்கி ஸ்டார்ட்டரில் இருக்கிற சிவப்புப் பட்டனை அவரே அமுக்கினார். மோட்டார் நின்றது. "என்ன மாமா இது? டேங்க் எவ்வளவு நேரமா வழியுது?" என்றார். நான் எழுந்து நின்றேன். முத்தையா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வழியலையே தலைவரே. மழைதான் பேஞ்சுது" என்றான்.

"மழையா? அங்கிட்டு ரோடு காஞ்சு கெடக்கு!"

"இங்கிட்டு மட்டுந்தான் பேஞ்சுது."

தலைவர் அவன் மடியில் ஊறிக் கூழாகிப் போயிருந்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். புகார் எழுதுகிற ஆளே நனைந்து உட்கார்ந்திருந்தால் யார் மேல் நடவடிக்கை எடுப்பது? தலையில் அடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

இன்னும் பத்துப் பக்கம்தான் மீதி. நான் புத்தகத்தை மூடினேன்.

முத்தையா எழுந்தான். "டேய் கருப்பையா, முடிவப் படிடா. தோணி கரைக்கு வந்துச்சா இல்லையா?"

"அது அடுப்புல போயிருச்சு" என்றேன். ஐம்பது வருஷத்தில் அவனிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அது.

அவன் துண்டைப் பிழிந்து தோளில் போட்டான். பிறகு, சின்ன வயதில் ஓரமாக நின்று சொன்ன அதே குரலில் சொன்னான்: "நான் ஆட்டைத்தான்டா சொன்னேன்."

அந்தப் பத்துப் பக்கத்தை இப்போது நாளைக்கு ஒரு பக்கமாக அவனுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறேன். முடிவுக்கு அவனைக் காக்க வைக்கிறதுதான் மிச்சமிருக்கிற பகை. அதற்கு மேல் நீட்டிக்க நூலகத்தில் தவணை கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.