டைனமோவில் ஓடிய பூனை

என் தங்கச்சி மீது எனக்குப் பொறாமை. இதை ஒளித்து வைத்து என்ன கண்டேன்? ஊரில் யாரைக் கேட்டாலும் "அவாவுக்குத் தங்கச்சி எண்டால் உயிர்" என்பார்கள். உயிர்தான், யார் இல்லையென்றது? ஆனால் அவளைப் பார்த்து எரிந்த மாதிரி வேறு யாரைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்ததில்லை. அந்த எரிச்சலில் நான் செய்த ஒரு வேலையை முப்பது வருடத்துக்கும் மேலாக ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தேன். போன ஆவணி மாதம்தான் வாயைத் திறந்தேன். சும்மா இருந்திருக்கலாம்.

எனக்குச் சாமத்தியவீடு செய்த வருடம், சவூதியில் இருந்த மாமா ஒரு பார்சல் அனுப்பினார். எனக்குப் பதின்மூன்று வயது, அவளுக்கு ஒன்பது. எனக்கு வந்தது ஒரு கைமணிக்கூடு. அவளுக்கு வந்தது ஒரு கேம். உள்ளங்கைக்குள் அடங்கும், தோடம்பழம் மாதிரிச் செம்மஞ்சள் நிறப் பெட்டி, நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கண்ணாடி. கண்ணாடிக்குள் ஒரு கறுப்புப் பூனை கூடையோடு நிற்கும். நாலு மூலையிலிருந்தும் மீன் பாயும். இரண்டு பக்கமும் உள்ள பொத்தான்களை அமத்திப் பூனையை ஓடவைத்து, மீனைக் கூடையில் ஏந்த வேண்டும். ஏந்தினால் 'கீக்' என்று ஒரு சத்தம், மேலே எண் ஒன்று கூடும். மூன்று மீன் தவறினால் ஆட்டம் முடிந்தது. இவ்வளவுதான் அந்தக் கண்டறியாத கேம். ஆனால் எங்கள் பக்கத்தில் கரண்டே இல்லாத காலம் அது. எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"எனக்கும் அது வேணும்" என்றேன்.

"பெரியபிள்ளையாகிட்டாய், உனக்கென்ன விளையாட்டு?" என்றார் அம்மா. மணிக்கூட்டையாவது கட்டவிட்டாரா என்றால் அதுவும் இல்லை. தொலைத்துவிடுவேனாம். அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

தங்கச்சி குளிக்கப் போகும் நேரம் பார்த்து நான் கேமை எடுத்து விளையாடுவேன். அவளைவிட நன்றாக விளையாடினேன், அதில் ஒரு சந்தேகமும் வேண்டாம். அந்தக் கேமுக்கு நினைவு கிடையாது, நிற்பாட்டினால் எண் அழிந்துவிடும். அதனால் என்னுடைய ஆகக் கூடிய எண்ணைக் கதவின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைத்தேன். அவளால் அதற்குக் கிட்டவும் வர முடியவில்லை. அவளுக்குச் சுருட்டை முடி, அவளுக்குப் பாட்டு வரும், வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவளைத்தான் மடியில் தூக்கி வைப்பார்கள். எனக்கென்று அந்த வீட்டில் இருந்த பெருமை அந்த எண் ஒன்றுதான்.

பிறகு பற்றறி முடிந்தது. சண்டைக் காலம், வன்னிக்குள் பற்றறி கொண்டுவர அரசாங்கத்தின் தடை. ரோச்சுக்கே இல்லை, விளையாட்டுச் சாமானுக்கு எங்கே போவது? இவள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து அழுதாள். மூன்றாம் நாள் அம்மா அலுமாரியைத் திறந்து, என் மணிக்கூட்டின் பின்மூடியைக் கழற்றி, அதிலிருந்த பற்றறியை எடுத்துக் கேமுக்குள் போட்டுக் கொடுத்தார். என்ன பொருத்தமோ, அளவு அச்சொட்டாக இருந்தது.

"அது என்ர மணிக்கூடு!" என்று கத்தினேன்.

"நேரம் பார்க்க அப்பான்ர மணிக்கூடு இருக்குத்தானே. சின்னப்பிள்ளை அழுதுகொண்டிருக்கு, உனக்கு இரக்கமில்லையே?"

நானும்தான் அழுதேன். என்னைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. என் மணிக்கூடு பத்து மணி ஏழு நிமிடத்தில் நின்றுபோயிற்று.

அந்தப் பற்றறியும் நாலு மாதத்தில் முடிந்தது. இந்த முறை அப்பாதான் வழி கண்டுபிடித்தார். எங்கள் வீட்டு ரேடியோ சைக்கிளில்தான் ஓடியது. வன்னியில் அப்போது அநேகமாக எல்லா வீட்டிலும் அப்படித்தான். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவைப் பின்சில்லோடு அமத்தி, வயரை ரேடியோவுக்குக் கொடுத்துவிட்டு ஒருவர் உழக்க வேண்டும், மற்றவர்கள் செய்தி கேட்பார்கள். உழக்குகிறவர் களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் களைத்துப்போகும். ரேடியோ ஓடுமென்றால் பூனை ஓடாதா என்று அப்பா கேமைப் பரந்தன் சந்தியில் ரேடியோ திருத்துகிறவரிடம் கொண்டுபோனார். என்னையும் கூட்டிப்போனார். அவர் இரண்டு வயரையும் நடுவில் ஏதோ சின்னச் சாமான்களையும் வைத்து ஒட்டித் தந்தார். தரும்போது என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"பிள்ளை, ஆறுதலா உழக்கோணும். வேகம் கூடினா உள்ளுக்குள்ள எல்லாம் கருகிப்போம், விளங்குதோ?"

விளங்கியது. நன்றாகவே விளங்கியது.

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு அதுதான் வேலை. மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் சைக்கிள் நிற்கும். நான் சீற்றில் இருந்து உழக்குவேன், அவள் நிலத்தில் குந்தியிருந்து விளையாடுவாள். வேகம் குறைந்தால் பூனை மங்கும், கூடினால் ஆபத்து. ஒரே சீராக உழக்கிக்கொண்டே இருக்க வேண்டும். என் முறை வந்தால்? அவளுடைய கால் பெடலுக்கு எட்டாது. கையால் சுற்றுவாள். இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு "அக்கா, கை நோகுது" என்பாள். என் பூனை நாலு மீன் பிடிப்பதற்குள் மறைந்துபோகும்.

நான் உழக்க உழக்க அவள் கெட்டிக்காரியாகிக்கொண்டு வந்தாள். மீன் விழ விழ எண்ணை உரக்கச் சொல்வாள். கதவின் பின்பக்கம் இருந்த என் எண் என்னவென்று அவளுக்கும் தெரியும். ஒரு நாள் பின்னேரம் ஒரு மீனும் தவறாமல் ஏறிக்கொண்டே போனாள். அம்மா கூட வேலையை விட்டுவிட்டு வந்து நின்று, "அட, என்ர குஞ்சு!" என்றார். என்னை ஒருநாளும் அம்மா குஞ்சு என்று கூப்பிட்டதில்லை. இன்னும் சில மீன்கள்தான் இருந்தன. என் மணிக்கூட்டையும் எடுத்தாயிற்று, இனி இதையும் எடுக்கப்போகிறாள், அதற்கு நான்தான் வேர்க்க வேர்க்க உழக்கிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். எழும்பி நின்று, உடம்புப் பாரம் முழுவதையும் பெடலில் போட்டு உழக்கினேன். நாலைந்து சுற்றுத்தான். 'கீஈஈ' என்று ஒரு நீளச் சத்தம் வந்தது, கண்ணாடி முழுவதும் கறுத்தது, கருகின மணம் வந்தது.

"டைனமோவில உதுகள் ஓடாதெண்டு எனக்கு அப்பவே தெரியும்" என்றார் அப்பா. தங்கச்சி நிலத்தில் விழுந்து உருண்டாள். ஒருவரும் என்னை ஏசவில்லை. "பாவம், அவளும் இந்த வெயிலுக்க நிண்டு உழக்கினவள்" என்று அம்மா எனக்குத் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துத் தந்தார். நான் குடித்தேன்.

பிறகு நடந்ததெல்லாம் எல்லா வீட்டிலும் நடந்ததுதான். ஓடினோம், திரும்பி வந்தோம், மறுபடி ஓடினோம். தங்கச்சி கலியாணம் கட்டிக் கனடா போனாள். நான் இங்கேயே வயல் செய்கிறவரைக் கட்டினேன். அவளுக்கு இப்போதும் சுருட்டை முடிதான், ஒரு நரையும் வெளியே தெரியாது. மாடிப்படியில் கடகடவென்று ஏறுகிறாள். எனக்குக் கதிரையில் இருந்து எழும்பினாலே முழங்கால் சத்தம் போடுகிறது. இதற்கும் எரிச்சல்தான், ஏன் பொய் சொல்ல?

சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு ஒருமுறை வவுனியாவில் காப்பு, பொம்மை விற்கும் ஒரு பன்சிச் சாமான் கடையில் அந்தப் பூனையைக் கண்டேன். கதவுத் திறப்புக் கொத்தில் கொழுவக்கூடிய அளவுக்குச் சின்னதாக்கி மறுபடி விட்டிருந்தார்கள். வாங்கத்தான் நினைத்தேன். அன்று பார்த்து அவள் போனில் ஒரு படம் அனுப்பினாள். அவளுடைய கார்த் திறப்பில் அதே பூனை தொங்குகிறது. 'அக்கா, ஞாபகம் இருக்கோ?' என்று கீழே எழுதியிருந்தாள். கையில் எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

போன ஆவணியில் அவள் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை, தமிழை யோசித்து யோசித்துக் கதைக்கும். சூட்கேஸைத் திறந்து எல்லோருக்கும் எல்லாம் கொடுத்து முடிந்த பிறகு, கடைசியாக ஒரு பெட்டியை என் மடியில் வைத்தாள்.

"இது அக்காவுக்கு மட்டும்."

அந்தக் கேம்தான். பழைய அளவிலேயே, அதே தோடம்பழ நிறத்தில் மறுபடியும் வெளியிட்டிருந்தார்கள். இப்போது கண்ணாடிக்குப் பின்னால் வெளிச்சம் வருகிறது. போன் வயரால் சார்ஜ் ஏற்றலாம். எண்ணையும் அதுவே நினைவில் வைத்திருக்கும். போட்டுப் பார்த்தேன். ஆகக் கூடிய எண் என்று ஒன்று ஏற்கெனவே மேலே நின்றது.

"உது என்ர" என்று சிரித்தாள். "பிளேனில சும்மா விளையாடிப் பார்த்தனான்."

பாருங்கள், எனக்கென்று கொண்டுவந்த சாமானிலும் அவளுடைய எண்!

அப்போதுதான் அவளுடைய மகள் வந்து என் கையைப் பிடித்தாள். "பெரியம்மா, நீங்கள்தானே சைக்கிள் உழக்கினது? அம்மா எங்களுக்கு ஒவ்வொரு வருசமும் சொல்லுவா. நீங்கள் உங்கட வோச்சில இருந்து பற்றறியைக் கழட்டி அம்மாக்குக் குடுத்தனீங்கள். பிறகு கால் நோக நோகச் சைக்கிள் உழக்கி, அம்மாவை விளையாட விட்டனீங்கள். நான் ஸ்கூலில அதைத்தான் பேசினனான். ரீச்சர் அழுதவா."

நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் பகிடிக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. கண் கலங்கியிருந்தாள். அவள் அப்படித்தான் நம்பியிருக்கிறாள். நான் பற்றறியைக் கழற்றிக் கொடுத்தேனாம்! யாரந்த அக்கா? அவ்வளவு நல்லவள் ஒருத்தி என் பெயரில் கனடாவில் இருந்துகொண்டு, என் தங்கச்சியின் அன்பு முழுவதையும் வாங்கியிருக்கிறாள். வாழ்க்கையில் எனக்கு வந்த பொறாமையிலேயே பெரிய பொறாமை அவள் மீது வந்ததுதான். சிரிக்க வேண்டுமென்றால் சிரியுங்கள்.

மறுநாள் பின்னேரம் மகளுக்கு வீடியோ எடுக்க வேண்டுமாம். என் மனிசனின் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றினார்கள். நான் சீலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உழக்கினேன். தங்கச்சி நிலத்தில் குந்தியிருந்து புதுக் கேமை விளையாடினாள். சைக்கிளுக்கும் கேமுக்கும் ஒரு வயரும் இல்லை. மகள் போனைப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா, சிரியுங்கோ" என்றாள். தங்கச்சி எண்ணை உரக்கச் சொல்லத் தொடங்கினாள். பிறகு போனைப் பார்த்து, "என்ர அக்கா மாதிரி ஒரு அக்கா ஒருத்தருக்கும் கிடைக்காது" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை.

"நிப்பாட்டு. நான்தான் அதை எரிச்சனான். வேணுமெண்டுதான் வேகமா உழக்கினனான். கருகுமெண்டு எனக்குத் தெரியும்."

அவள் விளங்காமல் பார்த்தாள். "ஏன்?"

"நீ என்னைத் தாண்டப் பார்த்தாய். என்ர முந்நூற்றித் தொண்ணூறு. நீ முந்நூற்றி எண்பத்தாறில நிண்டனி."

"அஞ்சு மீனுக்கோ அக்கா?"

"ஓம்."

நான் அதோடு நிற்கவில்லை. "பற்றறியும் நான் தரேல்லை. அம்மாதான் கழட்டினவா. நான் கத்தி அழுதனான்."

அவள் சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். கையில் இருந்த கேமில் மீன்கள் ஒவ்வொன்றாக விழுந்து ஆட்டம் முடிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"அங்க போன முதல் வருசம், பனிக்குள்ள, வேலையும் இல்லாம, ஒருத்தரும் இல்லாம கிடந்தன். எனக்கொரு அக்கா இருக்கிறாள், தன்ர பற்றறியைக் கழட்டித் தந்தவள் எண்டு நினைச்சுத்தான் எழும்பினனான். அப்ப நீ எனக்கெண்டு ஒண்டுமே செய்யேல்லையே?"

நான் சீற்றில் இருந்து இறங்கினேன். மகள் போனை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

இரண்டு நாள் சாப்பாடு கேட்டாள், தண்ணீர் கேட்டாள், வேறொன்றும் கதைக்கவில்லை. எயார்போட்டுக்குப் பிடித்த வான் வண்டியில் ஏறும்போது எல்லோரையும் கட்டிப்பிடித்தாள். என்னையும்தான், பக்கத்து வீட்டுக்காரியைப் பிடித்த அளவுக்கு.

வான் போய்க் கொஞ்ச நேரத்தில், குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மாதத்துக்கு மேல் நான் ஆறுதலாகத்தானே உழக்கினேன்? ஒரு நாள் கூட அவளுடைய பூனையை மங்கவிடவில்லையே? நினைத்திருந்தால் முதல் நாளே எரித்திருக்கலாம். அவள் கேட்டபோது இது ஏன் என் வாயில் வரவில்லை? எரித்த நாள் ஒன்றையே முப்பது வருடமாகப் பிடித்துக்கொண்டிருந்ததில், மற்ற நாட்களை நானே மறந்துபோனேன்.

ஈரக் கையோடு போனை எடுத்து அவளுக்குப் பேசி அனுப்பினேன். "தங்கச்சி, நான் வேகமா உழக்கினது ஒரே ஒரு நாள். மற்ற நாளெல்லாம் உனக்குத்தான் ஆறுதலா உழக்கினனான். அது பொய்யில்லை. பிள்ளைக்கும் சொல்லு."

வவுனியா தாண்டியிருப்பார்கள், அவளுடைய குரல் வந்தது. பின்னால் வான் இரைந்துகொண்டிருந்தது.

"நீயே சொல்லு அக்கா. நான் சொன்னா அவள் இனி நம்பமாட்டாள்."