ஒன்பதுக்கு ஒன்று

எங்கள் வீட்டு அடுப்பு எரிவது ஒரு பழைய பெற்றோல் வேனை நம்பித்தான். பெரகலைக்குக் கீழே, கொஸ்லந்தைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். காலையில் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அப்புத்தளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏறுவேன். பிள்ளைகளை இறக்கிவிட்டால் பகல் முழுக்க ஹயர், வாடகை ஓட்டம். ஒருநாள் பண்டாரவளைக்கும், மறுநாள் மலையடிவாரத்து வெல்லவாய்க்கும்.

ஒரு மாசி மாதம், ஏற்றத்தில் ரேடியேட்டர் குழாய் வெடித்து எஞ்சின் சூடேறிவிட்டது. பண்டாரவளையில் எனக்குப் பழக்கமான கராஜ் ஒன்று உண்டு. அதை நடத்துகிற முஸ்லிம் அண்ணனை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் எஞ்சினைத் திறந்து பார்த்தார். சிலிண்டர் ஹெட் வளைந்திருந்தது. பிஸ்டன்களிலும் கீறல். ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டப்படுத்தலாம், பிஸ்டன் புதிதாகப் போட வேண்டும் என்றார்.

செய்தி கேட்டு என் மச்சினன் கொழும்பிலிருந்து ரயிலேறி வந்தான். மனைவியின் தம்பி. பந்தயக் கார்களுக்கு எஞ்சின் கட்டுகிற கராஜில் வேலை. வீட்டுக்கு வந்ததும் தன் பையைத் திறந்து ஒரு பெட்டியை அக்காவின் கையில் கொடுத்தான். உள்ளே நான்கு பிஸ்டன்கள், கண்ணாடி மாதிரி மின்னின. தலைப்பக்கம் மேடாக இருந்தது.

"மச்சான் எப்பவும் ஏத்தத்துல வேன் இழுக்கலன்னு சொல்லுவாரே. இத போட்டா பெரகலையில இருந்து ஒரே மூச்சுல ஏறும்" என்றான்.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்த வீட்டிலிருந்து நகை வந்தது போலப் பெட்டியைச் சாமிப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

மறுநாள் இருவரும் கராஜுக்குப் போனோம். நானா பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல சாமான். ஆனா கம்ப்ரஷன் எவ்வளவு வரும்னு பாத்துட்டுப் போடுவோம்" என்றார்.

சிலிண்டருக்குள் போகிற பெற்றோல் கலந்த காற்றைப் பிஸ்டன் மேலே வந்து நெருக்கும். எத்தனை பங்கை ஒரு பங்காக நெருக்குகிறது என்பதுதான் கம்ப்ரஷன் கணக்கு. கூடக்கூட எஞ்சினுக்குப் பலம். அளவு மீறினால் பெற்றோல் தன் நேரம் வருமுன்னே தானாகப் பற்றிக்கொள்ளும். டின்னுக்குள் கல்லைப் போட்டு ஆட்டுவது போல ஒரு சத்தம் வரும். மெக்கானிக்குகள் அதைத் தட்டுது என்பார்கள். தட்டித் தட்டியே பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

மச்சினனே அளந்தான். ஹெட்டின் குழியைக் கண்ணாடித் தட்டால் மூடி, ஊசிக்குழலால் எண்ணெய் விட்டு, எவ்வளவு பிடிக்கிறது என்று பார்த்தான். லேத்தில் மட்டப்படுத்தியதில் குழி முன்னைவிடச் சிறுத்திருந்தது. பிஸ்டனின் மேடு இன்னும் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொண்டது. போனில் கணக்குப் போட்டவன் இன்னொரு தரமும் போட்டுப் பார்த்தான்.

"எவ்வளவு மாப்ள?" என்றேன்.

"பதினொன்னரைக்கு ஒன்னு."

நானா தலையை ஆட்டினார். "அது ரேஸ் பெற்றோலுக்குத்தான் சரி. நம்ம ஷெட்ல என்ன இருக்கு?"

பெற்றோல் ஷெட்டில் இருப்பது இரண்டு வகை. ஒக்டேன் தொண்ணூற்றிரண்டு என்பது சாதாரணம். தொண்ணூற்றைந்து கொஞ்சம் அதிகமாக நெருக்கினாலும் தாங்கும், ஆனால் எங்கள் பக்கத்தில் எல்லா நாளும் கிடைக்காது.

"அப்புத்தளையில காத்து லேசு, குளிரும் இருக்கு. அங்க ஓட்டிப் பாத்தா தட்டாது, நல்லாத்தான் இருக்கும்னு நெனச்சிருவோம்" என்றான் மச்சினன். பிறகு என்னைப் பார்த்து, "வெல்லவாய்க்குப் போறீங்கல்ல? அந்த வெயில்ல, ஆள ஏத்திக்கிட்டுத் திரும்பி ஏறுவீங்கல்ல?" என்று கேட்டான்.

"வாரத்துல ரெண்டு நாளாவது போவேன்."

"அப்ப இது வேணாம் மச்சான். ரேஸ் காருல ஒருத்தன் ஏறுவான், எஞ்சின் போச்சுன்னா எறங்கி நடந்து போயிருவான். இதுல புள்ளைங்க ஏறுது. அங்க கெடைக்கிற மட்டமான பெற்றோலுக்கு எது தாங்குமோ, அதத்தான் கட்டணும்."

தலை குழிந்த சாதாரணப் பிஸ்டன் போட்டால் ஒன்பதுக்கு ஒன்று வரும் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். ஆசையாகச் சுமந்து வந்த பெட்டியை அவனே மூடினான். முகத்தில் வருத்தம் இருந்தது, வீம்பு இல்லை. வீட்டுக்குப் போனதும் அக்காவிடமும் தானே சொன்னான். நான் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன், அந்தச் சங்கடத்தை அவன் எனக்கு வைக்கவில்லை. அடுத்த வாரம் குழிப் பிஸ்டன்களைப் பஸ்ஸில் போட்டு அனுப்பினான்.

வேன் முன்னைப் போலவே மெதுவாகத்தான் ஏறியது.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் சாதாரண தரப் பரீட்சை நடந்த நாட்களில் ஒரு காலை. இராத்திரி முழுக்க மழை. பெரகலையைத் தாண்டி ஒரு வளைவில் மரமும் மண்ணும் சரிந்து கிடந்தன. ஆட்கள் ஓரமாக வெட்டி ஒதுக்கியதில் என் வேன் நுழையும் அளவுக்கு வழி கிடைத்தது, பஸ்ஸுக்குக் கிடைக்கவில்லை. பஸ்ஸில் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் ஏற்கனவே என் வேனில் நிறைந்திருந்தார்கள்.

"அண்ணே, எங்களையும் ஏத்திக்கிறீங்களா?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். செருப்பைக் கையில் வைத்திருந்தாள்.

"ஏறுங்க, ஏறுங்க. மடியில உக்காருங்க."

அவ்வளவு பாரத்தை அந்த வேன் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. டாங்கியில் இருந்ததோ முந்தின நாள் வெல்லவாயில் அடித்த தொண்ணூற்றிரண்டு. முதல் கியரில் போட்டேன். ஒரு காது எஞ்சினிலேயே இருந்தது. பின்னால் பிள்ளைகள் கணக்குச் சூத்திரத்தை ஒருவருக்கொருவர் ஒப்புவித்துக்கொண்டு வந்தார்கள். வளைவுக்கு வளைவு இந்தா தட்டப் போகுது, இந்தா தட்டப் போகுது என்று பயந்தேன். தட்டவில்லை. சூடு காட்டும் முள்ளும் நடுவைத் தாண்டவில்லை. பரீட்சை மண்டபத்தின் கதவு மூடுவதற்கு முன் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள்.

வேனை ஓரமாக நிறுத்திவிட்டு, பனிக்குள் நின்றபடியே மச்சினனுக்கு போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"தட்டலையா?"

"தட்டல மாப்ள. பெட்டிய மூடி வச்சியே, அதுக்கு ஒனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல."

 

"நன்றி எல்லாம் இருக்கட்டும் மச்சான். எஞ்சின் ஆறினதும் ஒரு ஸ்பார்க் ப்ளக்கக் கழட்டி என்ன நெறத்துல இருக்குன்னு பாருங்க. உள்ளுக்கு அளவு மீறிச் சூடேறியிருந்தா வெள்ளையா வெளுத்திருக்கும்."

பார்த்தேன். நல்ல பிஸ்கட் நிறம்.