கொத்தனாரின் பீர் ரொட்டி

முப்பது வருடம் கையால் மட்டுமே அறியப்பட்ட ஒருவரிடமிருந்து அந்தக் கையை எடுத்துவிட்டால், மிச்சம் இருப்பவர் யார்? புத்தகங்களில் இதற்குப் பல பதில்கள் உண்டு. மூன்றாம் மாடியில் குடியிருந்த கொத்தனாருக்கு அவற்றில் ஒன்றும் உதவியிருக்காது.

சாரம் சரிந்து விழுந்ததில் அவருடைய வலது தோள் போனது. எலும்பு கூடியது, கை மட்டும் கனம் தாங்கவில்லை. எட்டு மாதம் வீட்டில் இருந்தார். கரணையும் ரசமட்டமும் கட்டிலுக்கு அடியில் சாக்கில் கிடந்தன. மனைவி மருத்துவமனை வேலைக்குப் போன பிறகு, சமையலறைச் சுவரில் ஓடு பதித்தவன் விட்ட பிழைகளை எண்ணிக்கொண்டிருப்பார். பதினொன்று.

ஒரு திங்கட்கிழமை மேஸ்திரி வந்தார். கொத்தனாரைவிட வயதில் இளையவர்.

"அண்ணே, சைட் கேட்ல ஆள் வேணும். யார் வர்றாங்க, என்ன லோடு இறங்குதுன்னு பாத்து எழுதணும், அவ்வளவுதான். நாற்காலி போட்டுத் தர்றேன். நிழல்ல உட்கார்ந்திருங்க."

"யோசிச்சுச் சொல்றேன் தம்பி."

"சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்கண்ணே."

மேஸ்திரி படி இறங்கியதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "இதுல யோசிக்க என்னங்க இருக்கு? தினமும் என்கிட்ட ஓட்டுக்குக் குத்தம் சொல்லிட்டிருக்கிறதுக்கு வெளியில போய்ட்டு வரலாம்ல?"

"அது வேலையில்ல. பிச்சை. தட்டுக்குப் பதிலா நாற்காலி."

நியாயமோ இல்லையோ, அவருடைய பயம் அதுதான். கூட நின்று சுவர் எழுப்பியவர்கள் கண் முன்னால், இரக்கப்பட்டு ஒதுக்கிய இடத்தில் உட்கார வேண்டும்.

மறுநாள் வேலை முடிந்து வந்த மனைவி வேறு பேச்சை எடுத்தாள். "வார்டுல ஒரு அம்மா ரொட்டி செய்யச் சொல்லிக் கொடுத்தாங்க. பிசைய வேண்டாம், பொங்க வைக்க வேண்டாம். மூணு கப் மாவு, ஒரு பாட்டில் பீர். ஒரு கையே போதும்."

கடைசி வார்த்தைகளை அவள் யோசிக்காமல் சொல்லிவிட்டாள். கொத்தனார் எழுந்து சமையலறைக்குப் போனார்.

பீர் வீட்டிலேயே இருந்தது. வாரத்துக்கு ஒன்று குடித்தவர். மாத்திரை ஆரம்பித்ததும் டாக்டர் தடுத்துவிட, வாங்கி வைத்த பாட்டில்கள் அப்படியே நின்றன.

கொத்தனார் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தார். கப்பில் மாவை அள்ளி, தட்டி, மேலும் அள்ளி அமுக்கி, விளிம்போடு கத்தியால் வழித்தார். பேக்கிங் பவுடர், உப்பு, கொஞ்சம் சர்க்கரை. பீரை ஊற்றியதும் நுரை பொங்கியது. அது செத்து அடங்கும்வரை இடது கையால் கலக்கினார். கலவையில் ஒரு கட்டிகூட நிற்கக் கூடாது என்பது அவர் தொழிலின் முதல் விதி. ஓவனில் ஐம்பது நிமிடம். வெளியே வந்ததற்குச் செங்கல் நிறம், செங்கல் கனம்.

மனைவி விரலால் தட்டிப் பார்த்தாள். "இன்னும் நாலு செஞ்சா பால்கனிக்குக் கைப்பிடிச் சுவர் வெச்சிடலாம்."

அவர் சிரிக்கவில்லை. "எங்க தப்பு?"

"அந்தம்மா பத்தே சுத்து சுத்தச் சொன்னாங்க. நீங்க கான்ட்ராக்ட் எடுத்த மாதிரி சுத்துறீங்க."

வியாழக்கிழமை மாவைச் சலித்தார். மணல் சலித்தவருக்கு அது பெரிய வேலை இல்லை. கப்பில் அமுக்காமல் தூவினார். ஆனால் கட்டி கண்ணில் பட்டதும் கை நிற்க மறுத்தது. பாதி ரொட்டியாகவும் பாதி செங்கல்லாகவும் ஒன்று வந்தது.

சனிக்கிழமை காலை மூன்றாவது. பத்துச் சுற்று எண்ணினார். மாவு திட்டுத்திட்டாகக் கிடந்தது. கரண்டியைத் தொட்டியில் போட்டு, மனசு மாறுவதற்குள் தண்ணீரைத் திறந்துவிட்டார். முப்பது வருடப் பழக்கத்தைப் பத்தாவது சுற்றில் நிறுத்துவது பெரிய காரியம் என்று சொல்லத் தயங்குவேன்; சின்னது என்று சொல்ல மாட்டேன்.

உருக்கிய வெண்ணெயை மேலே ஊற்றி ஓவனில் வைத்தார். ரொட்டி எழுந்தது. மேல்தோல் வெடித்துப் பொன்னிறமானது, உள்ளே பஞ்சு. துண்டு போட்டு, வெளியே கொண்டுபோகத் தட்டில் அடுக்கினார். ஓரத்துத் துண்டைத் தின்ற மனைவி, "இன்னொரு துண்டு வெச்சிட்டுப் போங்க" என்றாள். எங்கே போகிறார் என்று அவள் கேட்கவில்லை.

சைட்டில் டீ நேரம். கூட வேலை பார்த்த பூச்சு வேலைக்காரர், கொத்தனார் கையிலிருந்த தட்டைப் பார்த்தார்.

"என்னய்யா, கலவைச் சட்டியோட வர்றே?"

"ரொட்டி. நான் செஞ்சது."

"நீயா? அப்ப பல்லு போனா யாருய்யா பொறுப்பு?"

ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். கேட்காமலே இரண்டாவதை எடுத்துக்கொண்டார். "உன் சுவரைவிட இது நேரா நிக்குது."

"என் சுவர் கோணலாத் தெரிஞ்சா அது உன் பூச்சுய்யா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எட்டு மாதமாக அவரைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் குரலைத் தாழ்த்தித்தான் பேசியிருந்தார்கள். தட்டு காலியானது.

கேட் அருகே புது நாற்காலி ஒன்று போட்டிருந்தது. மேஸ்திரி அதைக் காட்டினார். "என்னண்ணே, வர்றீங்களா?"

"திங்கக்கிழமை வர்றேன் தம்பி."

வந்தார். ஆறு வருடம் அந்த வேலையைப் பார்த்தார். வேகாத செங்கல் லோடுகளைத் தட்டிப் பார்த்தே வாசலோடு திருப்பி அனுப்பினார். சைட் மாறும்போதெல்லாம் நாற்காலியும் கூடவே வந்தது. அதில் அவர் ஒருநாளும் உட்காரவில்லை; கால் வீங்கிய நாளிலும் கேட் தூணில் சாய்ந்து நின்றார். சனிக்கிழமைகளில் மட்டும் அதைத் துடைத்து, ரொட்டித் தட்டை அதன்மேல் வைப்பார்.

ஏன் உட்காரவில்லை என்று மேஸ்திரி கேட்டார். மனைவியும் கேட்டாள்.

"ஆறிடும், எடுத்துக்குங்க" என்பார்.