குளிர்சாதனத்தில் படிந்த வெள்ளிக்கிழமைகள்

தலையில் நீரையும் நெற்றியில் நெருப்பையும் ஒருசேரத் தாங்கி, இரண்டும் தத்தம் எல்லை கடவாமல் காக்கும் பெருமானின் திருவடிகளை முதற்கண் வணங்குகிறேன். வெம்மையும் அவன் தந்தது. அதற்கு மாற்றும் அவன் தந்தது. இன்று ஆடிப்பூரம், அம்பிகைக்கு வளையல் சாத்தும் நன்னாள். எழுத மனம் துணியாமல் தள்ளிக்கொண்டே வந்த இதனை இன்றாவது எழுதிவிட வேண்டும் என்று அமர்ந்திருக்கிறேன்.

என் தமக்கையும் நானும் முதுமையில் மீண்டும் ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள். அவள் கணவர் போனார். பின்னர் என் மனைவி போனாள். மன்னார்குடியிலிருந்து தஞ்சை செல்லும் சாலையில், வாய்க்காலை ஒட்டிய என் வீட்டுக்கு அவளை நான் அழைத்து வந்தேன். மாலையில் அவள் பதிகத்தின் முதலடியை எடுப்பாள்; இரண்டாம் அடியில் நான் சேர்ந்துகொள்வேன். அந்த முதலடி இல்லாவிட்டால் எனக்கு மற்றவை நினைவுக்கு வருவதில்லை.

அவளுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்ந்துவிட்டன. சர்க்கரை நோய் கண்ணையும் கொண்டுபோயிற்று; வெளிச்சம், நிழல் என்ற அளவில்தான் பார்வை இருந்தது. இரத்தத்தைச் சுத்திகரிக்கும் சிகிச்சைக்குச் சிலமுறை சென்றவள், பிறகு போதும் என்று சொல்லிவிட்டாள். இனி மருத்துவமனை வாசலை மிதிக்க மாட்டேன், எதுவானாலும் இந்தக் கட்டிலிலேயே ஆகட்டும் என்றாள். மருத்துவரும் வற்புறுத்தவில்லை. அறை எப்போதும் குளிர்ச்சியாக இருக்கட்டும், வெக்கை பட்டால் தோல் எரியும், அரிக்கும், அதைத் தாங்க மாட்டார்கள் என்று மட்டும் சொன்னார். திருச்சியில் பணிபுரியும் அவள் மகன் ஒரு குளிர்சாதனத்தை வாங்கி மாட்டிக்கொடுத்தான்.

கோயிலுக்குப் போக முடியாதவளுக்காகக் கோயிலையே அறைக்குள் கொண்டுவர முயன்றோம். வெள்ளிக்கிழமைதோறும் அவள் தலைமாட்டில் நெய்விளக்கும் கற்பூரமும் ஏற்றி, தணல் சட்டியில் சாம்பிராணி போடுவேன். குளிர் வெளியேறக் கூடாது, புகையும் வீணாகக் கூடாது என்று கதவையும் சன்னலையும் சாத்திவிடுவோம். புகை மெல்ல மேலெழுந்து குளிர்சாதனத்தின் வாய்க்குள் போகும். "பார்த்தியாடா, அதுவும் சாமி கும்புடுது" என்பாள். நாளும் கிழமையும் கண்ணுக்குத் தெரியாத அவளுக்கு, வாரத்தில் அந்த ஒரு நாள் மட்டும் மூக்கின் வழியாக வந்து சேரும்.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு புதன்கிழமை காலை. சிவன் கோயிலில் இலிங்கத்தின் மேல் தாராபாத்திரம் கட்டி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும்படி செய்திருந்தார்கள். தரிசித்துவிட்டு வீடு திரும்பினேன். அக்கா கட்டிலில் புரண்டுகொண்டிருந்தாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, அதிலிருந்து வந்த காற்றில் குளிர்ச்சி இல்லை.

அவள் மகனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"ரிமோட்ல பனிப் பூ மாதிரி ஒரு படம் தெரியுதா மாமா?"

"நட்சத்திரம் மாதிரி ஒண்ணு தெரியுதுப்பா."

"அக்னி நட்சத்திரமா இருக்கப்போவுது, நல்லாப் பாரு" என்றாள் கட்டிலில் கிடந்தவள்.

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. இயந்திரத்தின் தூசி வலையைக் கழற்றிக் கழுவச் சொன்னான், கழுவி மாட்டினேன். அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னான், போட்டேன். ஆழ்குழாய் மோட்டார்கள் ஓடும் நேரமாயிற்றே என்று மின்னழுத்தத்தைப் பார்க்கச் சொன்னான். ஸ்டெபிலைசரில் முள் சரியாகவே நின்றது. அதற்குள் அக்கா முழங்கையைச் சொறிந்து சொறிந்து இரத்தம் வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம், சொல்லிவிட்டேன்.

"மாமா, நான் வண்டி எடுத்துக்கிட்டுக் கெளம்புறேன். நான் வர்றதுக்குள்ள சரியாயிட்டா சரி. இல்லேன்னா தஞ்சாவூர் ஆஸ்பத்திரில சேர்த்துடுவோம். அங்க ஏசி ரூமாவது இருக்கும்."

அவன் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. "என்னை எடுத்துக்கிட்டுப் போவ விட்டுடாதடா தம்பி" என்று என் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டாள். அங்கே போனால் திரும்பி வரமாட்டாள் என்பது மூவருக்குமே தெரியும்.

மன்னார்குடியிலிருந்து மெக்கானிக் வந்தார். நடுவயதுக்காரர், வாய் ஓயாதவர். காற்றில் கையை வைத்துப் பார்த்ததும் முடிவு சொல்லிவிட்டார்.

"கேஸ் போயிருச்சுங்க ஐயா. நிரப்புனா சரியாயிரும்."

கட்டிலில் கிடந்தவள் "எது போயிருச்சு?" என்றாள்.

"ஏசிக்குங்க பெரியம்மா! உங்களுக்கில்ல. நீங்க கல்லு மாதிரி இருக்கீங்க."

"கல்லுக்கு அரிக்காது. சீக்கிரம் பாருப்பா."

அவர் வெளியே போய் மானியைப் பொருத்தினார். அழுத்தம் குறைவாகக் காட்டியது. வாயுவை நிரப்ப உருளையையும் இறக்கிவிட்டார். பிறகு ஏதோ ஐயம் தோன்றியவராய் உள்ளே வந்து இயந்திரத்தின் மூடியைக் கழற்றினார். கழற்றியவர் என்னைக் கைகாட்டி அழைத்தார்.

"ஐயா, இங்க வந்து பாருங்க. உள்ளார ஊட்டி, வெளிய வேதாரண்யம் உப்பளம்."

எட்டிப் பார்த்தேன். வலைக்குப் பின்னால், காற்றைக் குளிர்விக்கும் மெல்லிய தகடுகளின் மேல் வெண்பனி கெட்டியாக உறைந்திருந்தது. பனிக்கு அடியில் தகடுகள் தெரியவில்லை. கருமையும் பழுப்புமாய் ஒரு பிசின் அவற்றின் இடைவெளிகளை அடைத்திருந்தது. காற்று நுழைய வழியின்றி, குளிர் அங்கேயே இறுகிக் கிடந்தது. குறை கருவியிடம் இல்லை. அவர் விரலால் பிசினைச் சுரண்டி முகர்ந்து பார்த்தார். பின் விரலை என் மூக்கருகே நீட்டினார். சாம்பிராணி மணத்தது.

"நானும் கேஸுன்னுதான் நெனச்சேன்" என்றார், தம்மையே நொந்துகொள்பவர்போல. "பனி உருகணும். அப்புறம் தண்ணி பீச்சிக் கழுவணும். அது வரைக்கும் ஏசிய அணைச்சு வைக்கணுங்க."

அக்காவைக் கூடத்துக் கட்டிலுக்கு மாற்றினோம். மின்விசிறியின் காற்று அனலாகச் சுழன்றது. ஈரத் துணியால் அவள் கைகால்களை ஒற்றிக்கொண்டிருந்தேன். துணியை எடுத்த மறுகணமே தோல் காய்ந்துபோயிற்று. அவள் வாய்விட்டு அழுதவள் அல்லள். அன்று அழுதாள். பாடினால் சற்று மறப்பாளோ என்று எண்ணினேன். முதலடி எனக்கு எழவில்லை.

அறைக்குள் தண்ணீர் பீச்சும் ஓசை கேட்டது. இயந்திரத்தைச் சுற்றிக் கட்டிய தார்ப்பாய் வழியாகக் கரிய நீர் வாளியில் இறங்கியது. வாசலில் கார் வந்து நிற்க, அவள் மகன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். அதே வேளையில் மெக்கானிக் நிறைந்த வாளியுடன் கூடத்தைக் கடந்து கொல்லைக்குப் போனார். அந்த நீரின் மணம் கூடமெங்கும் பரவியது. எத்தனையோ வாரங்களின் சாம்பிராணி, ஈரத்தில் நனைந்து ஒரே மூச்சில் எழுந்த மணம்.

அக்காவின் கை சொறிவதை நிறுத்தியது.

"இன்னிக்கு வெள்ளிக்கெழமையாடா?"

அவள் மகன் என்னைப் பார்த்தான். ஆமாம் என்று சொல்லும்படி கண்ணால் கெஞ்சினான். என்னால் இயலவில்லை.

"இல்லக்கா. புதன். ஏசி கழுவுன தண்ணி. சாம்பிராணிதான் அடைச்சிருந்துச்சு."

அவள் மூச்சை இழுத்து அந்த மணத்தை முகர்ந்தாள். "அப்ப அது நெஜமாவே சாமி கும்புட்டிருக்கு" என்றாள். பிறகு, எந்த ஆயத்தமும் இன்றி, முதலடியை எடுத்தாள். குரல் இடறிற்று, ஆனாலும் பண் வழுவவில்லை. நான் இரண்டாம் அடியில் சேர்ந்தேன். அவள் மகன் நின்ற இடத்திலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

பாடல் முடியுமுன்னே இயந்திரம் மூடி மாட்டப்பட்டு ஓடத் தொடங்கிவிட்டது. அவன் போய்க் கையை நீட்டிப் பார்த்தான், குளிர் வந்தது. "சரி மாமா. அம்மா இங்கயே இருக்கட்டும்" என்றான். அவளை இருவருமாகத் தூக்கிக்கொண்டு போனோம். கருவிப் பையைக் கட்டியபடியே மெக்கானிக் சொன்னார்: "பெரியம்மா, இனிமே உள்ள பொகை போடாதீங்க. கூடத்துல போட்டுக்குங்க."

"கூடத்துல போட்டா இந்தக் கதவைத் தாண்டி எனக்கு எப்புடி வரும்? வேணாம், விட்டுடு. வெள்ளின்னா தம்பி வந்து காதுல சொல்லட்டும், போதும்."

அப்படியே சொன்னேன். அவளுக்கு விட்டுக்கொடுக்க எஞ்சியிருந்தது அந்த மணம் ஒன்றுதான். அதையும் அன்று விட்டுக்கொடுத்தாள். வெள்ளிதோறும் அவள் காதருகே குனிந்து கிழமையைச் சொல்வேன். "அப்புடியா" என்பாள். அந்தச் சொல்லில் இருந்த வெறுமையை நான் அறிவேன்.

அக்னி நட்சத்திரம் விலகியபின், ஆற்றில் திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலை எட்டுவதற்குமுன், ஒரு பகற்பொழுதில் உறக்கத்திலேயே அவள் அடங்கினாள். எந்த வண்டியும் அவளை ஏற்றிச் செல்லவில்லை. தன் கட்டிலில்தான் இருந்தாள்.

ரிமோட்டை எடுத்து இயந்திரத்தை அணைக்கப் போனேன். "வேணாம் மாமா, ஓடட்டும்" என்றான் அவள் மகன். "தங்கச்சி வெளியூர்லேருந்து வந்து சேரணும். அது வரைக்கும் அம்மா இப்படியே இருக்கணும்ல."

வெப்பநிலையை இன்னும் குறைத்து, இருப்பதிலேயே கடுங்குளிராக வைத்தான். அறையில் நானும் அவளுமாய் அமர்ந்திருந்தோம். இத்தனை காலம் அவளுக்காக ஓடிய அந்தக் காற்று என் மேலும் பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். அன்றுதான் எனக்குக் குளிர்ந்தது. நடுக்கம் தாங்காமல் மேல்துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அருகே அவள் போர்வை விலகிய கையுடன், எரிவும் அரிப்பும் இன்றிக் கிடந்தாள்.

இதனை வாசிக்கும் நீங்கள் யாவரும் உடல் எரிவு அறியாது வாழ்வீர்களாக. இறுதியில் கண்ணயரும் வேளையில், நீங்கள் விரும்பிய கட்டிலிலேயே, உங்கள் குரலோடு குரல் சேர்க்க ஒருவர் அருகிருக்க, அம்மையப்பன் அருள் உங்களுக்குக் கூடுக.